சராப்புக் கடை வட்டமும் கிரெடிட் கார்டும்

"பாரிசுக்குப் போகிறோம், எந்தக் கிரெடிட் கார்டு எடுத்துப் போனால் நல்லது?" என்ற கேள்வி எங்கள் புதுச்சேரியில் அடிக்கடி காதில் விழும். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருக்கிற ஊர் இது. மகளின் பிரசவத்துக்கு உதவப் போகிறவர்கள், பேரன் முகம் பார்க்கப் போகிறவர்கள், பென்ஷன் பணத்தை மூன்று வருடம் சேர்த்து ஒரே ஒரு முறை ஐஃபில் கோபுரம் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள்.

நான் வங்கிக்காரன் இல்லை. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் பழைய பிரெஞ்சுக் காகிதங்களை எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும். அந்த இரண்டு பழக்கங்களையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சரித்திரம் கலந்து பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். கார்டு விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பதையும் பொடி எழுத்தில் இருப்பதையும் பிரித்துப் பார்க்க அது உதவும்.

ஊர் விட்டு ஊர் பணம் கொண்டு போகிறவனுக்கு எந்தக் காலத்திலும் மூன்று கவலைகள்தான். ஒன்று, பணத்தை மாற்றும்போது எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? இரண்டு, முகம் தெரியாத ஊரில் என்னை நம்பி யார் பணம் கொடுப்பார்? மூன்று, வழியில் தொலைந்துபோனால் நஷ்டம் யார் தலையில் விழும்? முதல் கவலைக்கு நம் தாத்தாக்கள் வைத்திருந்த பெயர் 'வட்டம்'. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றித் தரும்போது கழித்துக்கொள்ளும் தொகை அது. "வட்டம் போக எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் அன்று காசை எடுத்து நீட்டுவார்கள். இன்று பலர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வட்டம் மட்டும் போகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு உள்ளேதான் இருக்கிறது.

சராப்பு காலம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒரே கடைத்தெருவில் வராகன், ரூபாய், பணம், காசு என்று பல நாணயங்கள் புழங்கின. நம்முடைய 'பணம்' என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஃபனோன்' ஆயிற்று. ஆர்க்காட்டு ரூபாய்க்குத் தென்னாட்டில் மதிப்பு அதிகம். அதைப் புதுச்சேரியிலேயே அச்சடிக்க 1736-ல் கவர்னர் துய்மா காலத்தில் நவாப் தோஸ்த் அலிகானிடம் அனுமதி கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். துபாஷாகவும் வணிகராகவும் இருந்தவர், ஆகவே நாணய விவகாரம் அவருக்கு அன்றாடச் சங்கதி.

நாணய அச்சுச்சாலை நடத்துவதற்குக் கம்பெனி ஏன் அவ்வளவு ஆசைப்பட்டது? வெள்ளியைக் கொண்டுவந்து பிறரிடம் ரூபாயாக மாற்றினால் வட்டம் அவர்களுக்குப் போகும். சொந்தமாக அச்சடித்தால் அந்த லாபம் தன் கையில் நிற்கும். பணம் மாற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு லாபம் என்பது கம்பெனிக்கும் தெரியும், சராப்புக்கும் தெரியும்.

சராப்பு என்பவர் நாணயத்தைத் தட்டிப் பார்த்து, தேய்மானம் பார்த்து, எடை பார்த்து மாற்றித் தருபவர். தூர ஊருக்குப் போகிறவர் மூட்டையாகக் காசு சுமக்காமல் உண்டி வாங்கிக்கொள்வார். இந்த ஊர் வணிகர் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த ஊர் வணிகரிடம் காட்டினால் பணம். உண்டியை எழுதியவரின் பெயர்தான் ஜாமீன். அதற்கும் வட்டம் உண்டு. ஆனால் அது முகத்துக்கு நேரே பேசி முடிக்கப்பட்ட வட்டம். அதிகம் என்று பட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம்.

இரண்டு கையெழுத்து

இதே வேலையை ஐரோப்பாவில் கடன் கடிதம் செய்தது. "இன்னாருக்கு இவ்வளவு வரை கொடுங்கள், நான் பொறுப்பு" என்று லண்டன் வங்கி இன்னொரு ஊர் வங்கிக்கு எழுதும் கடிதம். குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட வங்கியில்தான் அது செல்லும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது தோதுப்படாது. ராபர்ட் ஹெரீஸ் என்ற வங்கியாளர் 1772-ல் பல ஊர்களில் மாற்றக்கூடிய சுற்றுச் சீட்டுகளை வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1874-ல், சுற்றுலா ஏற்பாட்டாளர் தாமஸ் குக் தம் பயணிகளுக்காக அதே மாதிரிச் சீட்டுகளைக் கொண்டுவந்தார்.

1890-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பா போனார். கையில் கடன் கடிதம் வைத்திருந்தும் பெரிய நகரங்களுக்கு வெளியே பணம் வாங்கத் திண்டாடிப்போனார். தலைவருக்கே இந்தக் கதி என்றால் சாதாரணப் பயணி என்ன ஆவான்? திரும்பி வந்து தம் ஊழியர் மார்செலஸ் பெர்ரியிடம் பிரச்சினையை ஒப்படைத்தார். 1891-ல் டிராவலர்ஸ் செக் பிறந்தது.

பெர்ரி கண்டுபிடித்த உபாயம் மிக எளிது. செக் வாங்கும்போது ஒரு கையெழுத்து, பணமாக்கும்போது எதிரில் உட்கார்ந்து இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். முகம் தெரியாத ஊரில் நம்பிக்கைக்கு அந்த இரண்டாம் கையெழுத்தே சாட்சி. தொலைந்தால் கம்பெனி திருப்பித் தரும், ஆக மூன்றாவது கவலைக்கும் பதில் கிடைத்தது. அந்நாளைய செக்கில் இன்னின்ன நாட்டில் இவ்வளவு கிடைக்கும் என்று தொகையையே அச்சிட்டிருந்தார்கள். தங்கத்தோடு கட்டிப்போட்ட நாணயங்களின் காலம் என்பதால் அது முடிந்தது. வட்டத்தை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு கிளம்பலாம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது ஐரோப்பாவில் இருந்த ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பயணிகள் நடுத்தெருவில் நின்றார்கள். வங்கிகள் கதவைச் சாத்தின, கடன் கடிதங்கள் வெறும் காகிதமாயின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்கள் மட்டும் தங்கள் செக்குகளுக்குப் பணம் கொடுத்தன. பயணப் பணத்தை ஒரே இடத்தில் நம்பி வைக்கக்கூடாது என்ற பாடத்தை அன்று பலர் கற்றார்கள். இரண்டு கார்டு விஷயம் பேசும்போது இதை மறுபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் ரூபாய்

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1875-ல் பாரிசில் 'பாங்க் தெ லாந்தோஷின்' தொடங்கப்பட்டபோதே, கொச்சின்சீனாவுக்கும் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் நோட்டு வெளியிடும் உரிமை அதற்குக் கிடைத்தது. 1877-ல் புதுச்சேரிக் கிளை வந்தது. துய்ப்ளெக்ஸ் படம் போட்ட ரூபாய் நோட்டுகள் அந்த வங்கி வெளியிட்டவை. பாரதி பூங்காவை ஒட்டி இன்று யூகோ வங்கி இருக்கும் கட்டடம்தான் அதன் பழைய வீடு.

சைகோனில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே பியாஸ்தர் சம்பளம், இங்கே குடும்பத்துக்கு ரூபாய், பாரிசிலோ பிராங்க். என் பெரிய தாத்தா ஒருவர் சைகோனில் சுங்க இலாகாவில் இருந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பாதி நலம் விசாரிப்பு, மீதிப் பாதி மாற்று விகிதம் என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். மாதம் எந்த நாளில் பணம் அனுப்பினால் நாலு ரூபாய் கூடுதலாகச் சேரும் என்பது அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். படிப்பு அதிகம் இல்லாத பாட்டிகூட பிராங்க் விலை கேட்டுவிட்டுத்தான் வங்கிக்கு ஆள் அனுப்புவாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு சொல்தா மாமாக்களும் அப்படித்தான்.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதன்பின் எங்களுக்கும் ரிசர்வ் வங்கி விதிகள்தான்.

எட்டு டாலர் காலம்

இன்றைய இளைஞர்களுக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். அறுபது எழுபதுகளில் வெளிநாடு போக டிக்கெட் வாங்க வேண்டுமானால் முதலில் ரிசர்வ் வங்கியிடம் 'பி ஃபாரம்' அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போனவர்களைக் கேளுங்கள், கையில் 8 டாலரோடு இறங்கியதாகச் சொல்வார்கள். 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபிறகு டாலர் ஏழரை ரூபாய். ஆக 8 டாலர் என்றால் 60 ரூபாய். 60 ரூபாயோடு அந்நிய தேசத்தில் இறங்கினார்கள்.

1973-ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் இறுகியது. கையில் கணக்கில் வராத அந்நிய நோட்டு இருந்தால் குற்றம். என் அலுவலக நண்பர் ஒருவரின் தம்பி பாரிசுக்குப் படிக்கப் போனபோது நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குப் போக டாக்சிக்குக் கொடுக்கப் பணம் போதுமா என்பதுதான் வீட்டில் ஒரு வாரம் நடந்த விவாதம். கடைசியில் அங்கிருந்த உறவினர் ஒருவரை ஸ்டேஷனுக்கே வரச்சொல்லித் தந்தி அடித்தார்கள். உறவுக்காரர்தான் அன்றைய கிரெடிட் கார்டு. அங்கே அவர் பிராங்க் கொடுப்பார், இங்கே அவர் அம்மாவுக்கு நாம் ரூபாய் கொடுப்போம். சட்டம் அதையும் ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் ஊரில் நடந்தது அதுதான்.

1991-ல் கஜானாவில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைக்க வேண்டி வந்தது. அந்த நெருக்கடிக்குப் பின்தான் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குச் செலவுகளுக்கு ரூபாயை மாற்றத் தடையில்லை என்று சர்வதேச நிதியத்திடம் இந்தியா ஒப்புக்கொண்டது. 2000 ஜூன் 1 முதல் பழைய சட்டம் போய் 'ஃபெமா' வந்தது. 2004-ல் தனிமனிதர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்றார்கள், இன்று அது 2,50,000 டாலர். எட்டு டாலரிலிருந்து இங்கே வந்து நிற்கிறோம்.

அட்டை வந்த கதை

1950-ல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப், பெயருக்கேற்ப ஓட்டல் சாப்பாட்டுக்கான அட்டை. 1958-ல் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே, அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அதுதான் 1976-ல் 'விசா' என்று பெயர் மாறியது. பிரான்சில் 1967-ல் சில வங்கிகள் சேர்ந்து 'கார்த் ப்ளூ', அதாவது நீல அட்டை, கொண்டுவந்தன. இன்றும் எங்கள் பிரான்ஸ் உறவினர்கள் எந்த நிற அட்டையையும் கார்த் ப்ளூ என்றே சொல்வார்கள்.

நம்பிக்கைப் பிரச்சினைக்குப் புதுவிடை தந்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர். ரோலாந் மொரெனோ 1974-ல் அட்டைக்குள் சில்லுப் பதிக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சில் அந்தச் சில்லுக்குப் பெயர் 'ப்யூஸ்'. பள்ளியில் எங்களுக்கு ப்யூஸ் என்றால் தெள்ளுப்பூச்சி! அவ்வளவு சின்னது என்று பொருள். 1992 முடிவதற்குள் பிரான்சின் வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் அந்தத் தெள்ளுப்பூச்சி ஏறிவிட்டது. அன்று பெர்ரியின் இரண்டாவது கையெழுத்து செய்த வேலையை இன்று நாம் அழுத்தும் நாலு இலக்கப் பின் நம்பர் செய்கிறது.

இந்தியாவுக்கு டைனர்ஸ் கிளப் 1961-ல் வந்தது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் தன் கார்டை வெளியிட்டது. வெகுகாலம் நம் கார்டுகள் பலவற்றில் 'இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும்' என்று அச்சிட்டிருக்கும். சில்லும் பின்னும் நமக்குத் தாமதமாகத்தான் வந்தன. 2015 செப்டம்பருக்குப் பின் கொடுக்கும் கார்டுகள் சில்லோடுதான் இருக்க வேண்டும், 2018 முடிவதற்குள் பழைய காந்தப் பட்டை கார்டுகளை மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

இன்றைய வட்டம் எங்கே இருக்கிறது?

இப்போது கார்டு தேர்வுக்கு வருகிறேன். கணக்கு சுலபமாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 யூரோ செலவு என்றால் ஒரு லட்சம் ரூபாய்.

பல சாதாரணக் கார்டுகளில் அந்நிய நாணய மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம். மார்க்-அப் என்பார்கள். அதாவது 3,500 ரூபாய். அந்த 3,500-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. ஆக மொத்தம் 4,130 ரூபாய். 2 சதவீதக் கார்டு என்றால் 2,000-மும் ஜிஎஸ்டி 360-ம் சேர்ந்து 2,360. மார்க்-அப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் இருக்கும். ஆண்டுக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டியோடு 5,900 என்று வையுங்கள். கட்டணமில்லாத 3.5 சதவீதக் கார்டோடு ஒப்பிட்டால், சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டில் செலவு செய்தால்தான் அந்தக் கார்டு லாபம். ஆகவே முதலில் உங்கள் செலவைக் கணக்குப் போடுங்கள், பிறகு கார்டைப் பாருங்கள். மகள் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவருக்கும் ஓட்டலில் தங்குகிறவருக்கும் ஒரே கார்டு பொருந்தாது.

பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச் என்பவை பெரிய எழுத்தில் இருக்கும். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் கொடுத்துவிட்டு நாலு ரூபாய்க்கு மேல் வட்டம் பிடித்தால், பழைய சராப்பு சிரிப்பார்.

இரண்டாவது வட்டம் கடையில் இருக்கிறது. கார்டைச் செருகியதும் மெஷின், "யூரோவிலா, ரூபாயிலா?" என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். அதில்தான் சூட்சுமம். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் மெஷின்காரர் நிர்ணயிப்பார், அதில் அவருடைய வட்டம் சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு நம் ஊர் வங்கிகள் பலவும் அதன்மேல் தனியாக ஒரு கட்டணம் போடும். 2018-ல் நான் பாரிஸ் போனபோது ஒரு கடையில் என்னைக் கேட்காமலேயே ரூபாய் பொத்தானை அழுத்திவிட்டார்கள். சீட்டில் ரூபாயைப் பார்த்ததும், "ஆன் உரோ, சில் வூ ப்ளே" என்றேன், யூரோவில் போடுங்கள் என்று. அந்தப் பெண் ரத்துசெய்துவிட்டு மறுபடி போட்டாள். எந்த நாணயம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான், அது கார்டு கம்பெனிகளின் விதி. எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

மூன்றாவது, கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது. அதற்குத் தனிக் கட்டணம், மார்க்-அப் வேறு, வட்டியோ எடுத்த நாளிலிருந்தே ஓடும். ஐம்பது நாள் தவணைச் சலுகை ரொக்கத்துக்குக் கிடையாது. ஆகவே கொஞ்சம் யூரோ நோட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் ரொக்கத்துக்கு டெபிட் கார்டோ, யூரோ நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டோ மேல். ஃபாரெக்ஸ் கார்டு கிட்டத்தட்ட பழைய டிராவலர்ஸ் செக்கின் பேரன்தான், விகிதம் வாங்கும் அன்றே தெரிந்துவிடும். யூரோ நிரப்பிய கார்டை சுவிட்சர்லாந்தில் தேய்த்தால் மட்டும் நாணயம் மாற்ற மறுபடி கட்டணம். ஓட்டல்களும் வாடகைக் கார் கடைகளும் முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டு கேட்பதும் உண்டு.

வரி பற்றிக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் ஆண்டு வரம்புக்குள் கொண்டுவர 2023 மே மாதம் அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு எழவே ஜூன் 28-ல் அதை ஒத்திவைத்தார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் நிரப்புவது அந்த வரம்பில் சேரும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் முன்வரி பிடிப்பார்கள். நம்மைப் போன்ற பென்ஷன்தாரர் அதுவரை போவது அபூர்வம்.

நான் பார்க்கும் வரிசை

சம்பளச் சீட்டு இல்லாததால் கார்டு கிடைக்காது என்று ஓய்வு பெற்றவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கிகள் உண்டு. வைப்புத் தொகைக்கு வட்டியும் ஓடும், கார்டும் கிடைக்கும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

கேட்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள். மார்க்-அப் எவ்வளவு? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? தொலைந்தால் அங்கிருந்து எந்த நம்பரில் சொல்ல வேண்டும்? வெளிநாட்டில் கார்டு முடங்கினால் மாற்றுக் கார்டு அனுப்புவார்களா? லவுஞ்ச், பாயின்ட் எல்லாம் இதற்குப் பிறகு.

கார்டு இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு வங்கி, வேறு வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டு. ரூபே கார்டு வெளிநாட்டில் டிஸ்கவர், டைனர்ஸ் கூட்டாளிகள் வழியாகச் செல்லும். அது எல்லாக் கடையிலும் எடுக்குமா என்று நம்பித் தனியாகக் கொண்டு போக வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஐஃபில் கோபுரத்தில் யூபிஐ வந்துவிட்டது என்பது பெருமைதான், ஆனால் பக்கத்து ரொட்டிக் கடையில் அது நடக்காது. 1914 நினைவிருக்கட்டும். இரண்டு கார்டையும் ஒரே பர்சில் வைத்தால் இரண்டு வாங்கியதில் பயனில்லை. ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டுக்காரம்மாவிடம்.

2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டில் மட்டும் செல்லும்படிதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். அதே இடத்தில் ஒரு நாள் உச்சவரம்பையும் வைத்துவிடுங்கள். பின் நம்பரை ஊரிலேயே ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள். பிரான்சில் 50 யூரோ வரை தொட்டால் போதும், அதற்கு மேல் பின் கேட்கும். இணையத்தில் ரயில் டிக்கெட் எடுத்தால் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும், எனவே சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்க வேண்டும். வங்கியின் அவசர எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள், போன் தொலைந்த அன்றுதான் அது தேவைப்படும். நம் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், வங்கித் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. ஆகவே குறுஞ்செய்தியைத் தினமும் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்டேட்மென்ட் வந்தவுடன் ஒரு செலவை எடுத்து, பிடித்த ரூபாயை யூரோத் தொகையால் வகுத்துப் பாருங்கள். மார்க்-அப்பும் ஜிஎஸ்டியும் தனி வரியில் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வந்த எண்ணை அன்றைய தேதியின் மாற்று விகிதத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் கொடுத்த வட்டம் பைசா சுத்தமாகத் தெரியும். சொன்னதைவிட அதிகமாக இருந்தால் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள். சைகோன் கடிதத்தைப் பிரித்ததும் எங்கள் பாட்டி போட்ட கணக்கும் இதுவேதான், அவள் விரல்விட்டு எண்ணினாள், நமக்குப் போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது.